கிளென்ஃபீல்டில் ஒரு ராஜஸ்தான் எல்லை

1. பாவாடையும் பதவியும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குத் தந்தது ஒரு பாவாடை. பதவியின் பெயர் ஃப்ளோர் மனேஜர். வயது அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக, சுற்றிவரக் கண்ணாடிச் சில் வைத்துத் தைத்த, சுழன்றால் குடையாக விரிகிற பாவாடை. தலையில் போட ஒரு துப்பட்டா, கை நிறையப் பிளாஸ்டிக் வளையல். உடுத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். மன்னாரில் என்னோடு படித்த ஒருத்தரும் இந்தப் பக்கம் சாப்பிட வந்துவிடக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

"ஏனுங்க கிளாராக்கா, வாசல்ல நின்னு 'கம்மா கணி'ன்னு சொல்லணும். ரெண்டு கையும் கூப்பி, லேசா குனிஞ்சு," என்றார் முதலாளி சேகர்.

"அதென்ன சேர்?"

"ராஜஸ்தான் வணக்கமுங்க."

"ஆரும் திருப்பி ஏதும் சொன்னா நான் என்ன சொல்லுறது?"

"இங்க யாருங்க திருப்பிச் சொல்லப் போறாங்க," என்றார். ஏறக்குறைய ஒரு வருசம் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கடை ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில், ஷொப்பிங் மோலுக்கு மேலே ஏறும் தெருவில் இருந்தது. பெயரை எழுதவில்லை. இப்போது அங்கே வேறொருவர் நூடில்ஸ் விற்கிறார், அவருக்கு ஏன் வீண் தொல்லை. ராஜஸ்தான் சாப்பாடு, ராஜஸ்தான் உடுப்பு, ராஜஸ்தான் பாட்டு என்று விளம்பரம். உள்ளே வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் தமிழர். முதலாளி கோயம்புத்தூர். சமையல் மாஸ்டர் திண்டுக்கல். பாலைவனத்துப் பருப்பாக இருந்தாலும் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை போடாமல் அவரால் அடுப்பை அணைக்க முடியாது. நான் மன்னார். பாலைவனத்தைக் கண்ணால் கண்ட ஒருவரும் இல்லை. சேகர் மட்டும் மோட்டார் பம்பு கண்காட்சி ஒன்றுக்காக ஜெய்ப்பூர் போய், மூன்று நாள் ஹோட்டலில் தங்கியவர். அந்த மூன்று நாளை வைத்துத்தான் ஒரு முழு மாநிலத்தையும் கட்டி எழுப்பினார்.

ஏன் ராஜஸ்தான் என்று ஒருநாள் கேட்டேன். "ஆக்லாந்துல தோசைக்கு ஆள் இருக்கு. பட்டர் சிக்கனுக்குத் தெருவுக்கு நாலு கடை. பாலைவனத்த விக்க ஒருத்தனும் இல்லீங்க," என்றார். வியாபாரியாகப் பார்த்தால் பிழை சொல்ல முடியாது.

2. இரண்டு திமில்

கடையில் நகுலன் என்று ஒரு சூப்பர்வைசர் இருந்தார். கிளிநொச்சிப் பக்கம். உயரமான ஆள், அடர்ந்த மீசை, வாய் திறப்பது குறைவு. வேலை விசாவில் வந்தவர். மனைவி தர்சினி வவுனியாவில் இருந்தா. இருவருடைய பெயரையும் சேர்த்து வதிவிட உரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அது முடியும் வரைக்கும் அவருக்கு இந்த வேலை இருக்க வேண்டும். கடை விழுந்தால் வேலை விழும், வேலை விழுந்தால் விண்ணப்பமும் விழும். இதை அவர் ஒருநாளும் சொல்லிப் புலம்பியதில்லை. காலையில் எல்லாருக்கும் முதல் வந்து கதவடியில் நிற்பார், அவ்வளவுதான்.

நகுலனுக்கு ஒரு வேலையைச் சொன்னால் அரைகுறையாக விடத் தெரியாது. அதற்கு ஒட்டகமே சாட்சி. சேகர் இணையத்தில் ஒரு ஃபைபர் ஒட்டகம் வாங்கினார். பெட்டியை உடைத்தால் அதற்கு இரண்டு திமில். ராஜஸ்தான் ஒட்டகத்துக்கு ஒரு திமில்தான் என்று அந்த மூன்று நாளில் அவரே பார்த்திருக்கிறார். திருப்பி அனுப்பக் கப்பல் கூலி கட்டுப்படியாகாது. நகுலனைக் கூப்பிட்டு ஒன்றை அறுக்கச் சொன்னார்.

"முன்னுக்கு இருக்கிறதையோ, பின்னுக்கு இருக்கிறதையோ சேர்?"

சேகர் கொஞ்சம் யோசித்தார். "பின்னாடிங்க."

நகுலன் அறுத்தார். ஓட்டையை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே நிறத்தில் பெயின்ட் அடித்தார். அந்த ஒட்டகம் பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தது என்று சத்தியம் செய்யலாம். திண்டுக்கல் மாஸ்டர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "ஆபரேசன் சக்சஸ்," என்றார்.

அதற்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் கள்ளிச்செடிகள் வந்தன, கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிற வகை. பிறகு தலைப்பாகைகள். வெள்ளை நிறத்தில், எலாஸ்டிக் வைத்துத் தைத்தது, தொப்பியைப் போல மாட்டிக்கொள்ளலாம். சேகர் வெள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினார். கல்யாணம், கோயில் என்று எதற்கும் வெள்ளை வேட்டி கட்டுகிற ஊர்க்காரர், அவருக்கு வெள்ளைதான் மங்களம். எங்களுக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

3. ஒரே ஒரு அசல் ஆள்

நான் பயந்துகொண்டிருந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. நடுத்தர வயது ஆள் ஒருவர், பஸ் டிரைவர் சீருடையோடு உள்ளே வந்தார். நான் குனிந்து என் 'கம்மா கணி'யைச் சொன்னேன். அவர் நின்று, மார்பில் கை வைத்து, நீளமாக ஏதோ பதில் சொன்னார். "டேபிள் ஃபோர் வன்?" என்று கேட்டுச் சமாளித்தேன்.

அவர் பெயர் பன்வர். ஜெய்சால்மருக்கும் அப்பால், எல்லையை ஒட்டின ஒரு கிராமம். அவர் பேசியது இங்கிலீஷ், எழுதுவது என் தமிழ். உட்கார்ந்தவுடன் பரிமாறுகிறவர்களின் தலையைப் பார்த்தார். முகம் மாறியது. மெதுவாகக் கேட்டார்: "யார் தவறிப்போனது?"

"ஒருத்தரும் இல்லையே."

"எங்கள் பக்கத்தில் இழவு வீட்டில்தான் வெள்ளைத் தலைப்பாகை கட்டுவோம்."

பிறகு கள்ளிச்செடியைப் பார்த்தார். அது அமெரிக்கப் பாலைவனத்துச் செடி, கௌபாய் படங்களில் வருவது என்றார். சாப்பாடு வந்தது. நெய்யில் ஊறியிருக்க வேண்டிய கோதுமை உருண்டையைக் கையால் உடைக்கப் பார்த்தார், முடியவில்லை, கரண்டியால் அடித்தார். பருப்பில் கறிவேப்பிலையைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமையும் வந்தார்.

"சாப்பாடு மோசம். ஆனால் வேறெங்கே போனாலும் இவ்வளவு சிரிக்க முடிவதில்லை," என்றார்.

ராஜஸ்தான் என்றால் உண்மையில் என்ன என்று அவரிடம் கேட்டேன். அப்படி ஒன்று விளம்பரத்தில்தான் இருக்கிறது என்றார். ஊரில் கேட்டால் நான் மார்வார், நீ மேவார் என்று தொடங்கி, பக்கத்துக் கிராமத்தானுக்குத் தலைப்பாகை கட்டத் தெரியாது என்பதில் போய் முடியுமாம். எனக்கு அது புதிதாக இல்லை. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மன்னாரும் ஒரே மேசையில் இருந்தால் குழம்பு வைக்கிற விதத்திலேயே சண்டை தொடங்கிவிடும், வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லாரும் கறி.

"எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு டிஜே லாரிதான் வரும். பெடியன்கள் ஜீன்ஸ் போட்டு, ரீல்ஸ் எடுத்து, பஞ்சாபிப் பாட்டுக்கு ஆடுவார்கள். என் சித்தப்பா மகன் ஒரு ரிசார்ட்டில் ராஜபுத்திர வீரனாக வேலை பார்க்கிறான். ஒட்டு மீசை, பிளாஸ்டிக் வாள். ஆறு மணிக்கு டூட்டி முடிந்ததும் மீசையைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போவான்."

"நீங்கள்?"

"சனி ஞாயிறில் இங்கே குஜராத்தி மாப்பிள்ளைகளுக்குத் தலைப்பாகை கட்டிவிடுகிறேன். பாரம்பரியக் கலைஞர் என்று கார்டு அடித்திருக்கிறேன். ஊரில் எனக்கு அப்பாதான் கட்டிவிடுவார்."

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பாவாடை கொஞ்சம் லேசானது. வெள்ளைத் தலைப்பாகைகளை மாஸ்டர் உணவுக் கலரில் போட்டுக் காவியாக்கினார். அந்தக் கிழமை முழுக்க, சமையலறைச் சூட்டில், நகுலனின் நெற்றியால் காவி ஒழுகியது.

4. எல்லைக்கு ஒரு விலை

வியாபாரம் படுத்தது. கணக்குப் பார்க்கிறவர் குளிர்காலத்துக்குள் மூடிவிடுங்கள் என்று சேகரிடம் நேராகவே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் ஹெலன் வந்தா. இந்தியாவுக்குச் சுற்றுலா அனுப்புகிற ஒரு கம்பனியின் ஆள். தன் வாடிக்கையாளர்களுக்கு மாதாமாதம் ஒரு விருந்து வைக்க இடம் தேடினா. ஆட்டம் பாட்டம் எல்லாக் கடையிலும் இருக்கிறது, வேறு ஏதாவது வேண்டும் என்றா.

சேகர் அன்றிரவு முழுக்க வீடியோ பார்த்திருக்கிறார். காலையில் கண் சிவக்க வந்து, எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"ராஜஸ்தான் என்ன மாநிலமுங்க? பார்டர் மாநிலம். டூரிஸ்ட்டுங்க எல்லாம் அங்க போய் முள்வேலி பக்கத்துல செல்ஃபி எடுக்கறாங்க. அதையே நாம இங்க குடுக்கறோம். பார்டர் நைட்."

கார் பார்க்கில் மணல் மூட்டை. குறுக்கே ஒரு தடுப்புக் கட்டை. விருந்தாளிகள் வரிசையில் வந்து, பையைக் காட்டி, அனுமதி வாங்கி உள்ளே வர வேண்டும். காவலுக்கு நிற்பவர்களுக்குக் காக்கிச் சட்டையும் தொப்பியும் வேஷக்கடையில் வாடகைக்கு எடுத்தாயிற்று. ஆண்கள் பக்கம் நகுலன். உயரமும் மீசையும் இருக்கிறதல்லவா. பெண்கள் பக்கம் நான்.

நகுலன் சட்டையைக் கையில் வாங்கி, மடிப்பை ஒருமுறை பார்த்தார். ஹெலனுக்கு இது பிடித்தால் கடை நிற்கும். கடை நின்றால் தர்சினி வருவா. இதை ஒருவரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சீரியஸா எடுத்துக்காதீங்க," என்றார் சேகர். "பேக்கச் சும்மா தொட்டுப் பாருங்க. லிப்ஸ்டிக் கொண்டுபோக அனுமதி இல்லைன்னு ஒரு ஜோக் அடிங்க. வெல்கம் ட்ரிங்க் குடுத்து உள்ள விடுங்க. அஞ்சு நிமிசந்தான்."

கோயம்புத்தூரில் வளர்ந்த ஆளுக்குச் சோதனைச் சாவடி என்றால் டோல்கேட். அவரிடம் கோபிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலைக்கு அவர் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் யார் என்று ஒரு நிமிசம் யோசித்திருக்கலாம்.

5. வரிசை

வெள்ளிக்கிழமை பின்னேரம், வெயில் இன்னும் இருந்தது. விருந்தாளிகள் ஹெலனோடு மினிபஸ்சில் வந்து இறங்கினார்கள். மணல் மூட்டையைக் கண்டதும் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். நகுலன் சோக்கட்டியால் தரையில் இரண்டு கோடு போட்டார். ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. அவருக்கு ஒருவரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கும் சொல்லவில்லை, நானாகவே போய்ப் பெண்கள் கோட்டின் தலைமாட்டில் நின்றேன்.

"பை மேசையில். போன் வெளியில். தொப்பியைக் கழற்றுங்கள்." நகுலன் சத்தம் போடவில்லை. அவருடைய இங்கிலீஷ் மிகவும் தட்டையாக வந்தது. "எத்தனை பேர் வந்தீர்கள்? மற்றவர் எங்கே? யார் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள்? திரும்பிப் போவது எப்போது?"

ஒரு பெரியவர் வைன் போத்தல் கொண்டுவந்திருந்தார். நகுலன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, குலுக்கி, திறந்து, ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார். அவர் குடித்தார். எங்கள் ஊரில், சண்டைக் காலத்துச் சாவடிகளில், தண்ணீர்ப் போத்தலை அப்படித்தான் குடித்துக் காட்ட வேண்டும். இன்னொருவர், "இதெல்லாம் எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நகுலன் அவரைக் கோட்டுக்கு வெளியே விட்டு, "அங்கே நில்லுங்கள்," என்றார். அவர் போய் நின்றார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

என் பக்கமும் அப்படித்தான் நடந்தது. கைப்பைகளைக் கவிழ்த்துக் கொட்டினேன். பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார்கள். லிப்ஸ்டிக் ஜோக் எனக்கு ஞாபகமே வரவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஆனால் கை தன்பாட்டில் வேலை செய்தது. எத்தனையோ முறை எனக்குச் செய்யப்பட்ட வேலை அது.

அந்த வரிசையில் பன்வரும் இருந்தார். அசல் ராஜஸ்தான்காரர் ஒருவர் விருந்தில் இருந்தால் நல்லது என்று சேகர்தான் தலைப்பாகையோடு வரச் சொல்லியிருந்தார். அவருடைய முறை வந்தது. நகுலன் வாயைத் திறக்குமுன் பன்வர் பையைத் திறந்து மேசையில் வைத்தார். அடையாள அட்டையை எடுத்து அதற்கு மேல் வைத்தார். பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் உயர்த்தி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் செய்வித்த அத்தனையையும் சொல்லாமலே செய்தார்.

நகுலன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தமிழில், "நீங்கள் போங்கோ," என்றார். பன்வருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பையை எடுத்துக்கொண்டு போனார்.

உள்ளே எல்லாரும் உட்கார்ந்தார்கள், வெல்கம் ட்ரிங்கை ஒருவரும் தொடவில்லை. சேகர் வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். அப்போது ஹெலன் எழும்பிக் கை தட்டினா. எல்லாரும் தட்டினார்கள். வைன் குடித்துக் காட்டிய பெரியவர்தான் பலமாகத் தட்டினார். "உண்மையாகவே பயந்துவிட்டேன். இப்படி ஒரு அசலான அனுபவம் எனக்குக் கிடைத்ததேயில்லை," என்று ஹெலன் சேகரின் கையைப் பிடித்துச் சொன்னா. மாதாமாதம் நடத்துவது என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

பன்வர் சமையலறைக்குள் வந்தார். நகுலன் சுவரோடு சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "நன்றாகச் செய்தாய் தம்பி," என்றார் பன்வர். "எங்கள் பக்கத்தில் எல்லைக் காவலன் சித்தப்பா என்று முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் கேட்பான்." அன்று அவர் சிரிக்கவில்லை.

6. படம்

நகுலனுக்குப் பெயர் வந்தது. இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினார்கள். "ஆபீசர் மிகவும் பயங்கரமானவர். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. கட்டாயம் போங்கள்." உருண்டை கல்லாக இருக்கிறது என்று எழுதுவோர் குறைந்து போனார்கள். இரண்டாவது விருந்துக்கு இடம் போதவில்லை. சேகர் சந்தோசத்தில், காக்கிச் சட்டையோடு நகுலன் தடுப்புக் கட்டையில் கை வைத்து நிற்கிற படத்தைக் கடையின் இணையப் பக்கத்தில் பெரிதாகப் போட்டார்.

அதை வவுனியாவில் தர்சினி பார்த்தா.

நகுலன் அதை எனக்குக் கார் பார்க்கில் வைத்துச் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது, என்னுடைய காருக்குள் இருந்தோம். தர்சினியின் அண்ணனை ஒரு சாவடியில் பஸ்ஸை மறித்து இறக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் நில் என்றிருக்கிறார்கள். பஸ் போய்விட்டது. அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு தர்சினி காக்கி நிறத்தில் ஒரு துணியையும் வீட்டுக்குள் வர விடமாட்டா.

"ஏசினவாவோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. உங்களுக்கு நல்லாப் பொருந்தியிருக்கு எண்டா. பிறகு போனை வச்சிட்டா. இப்ப எடுத்தாலும் எடுக்கிறா இல்லை."

ரானுயியில் என் வீடு வரைக்கும் கார் ஓட்டிக்கொண்டு போகையில் வழி முழுக்க அழுதேன். எனக்கே என் மேல் கோபமாக இருந்தது, சேகர் மேல் அதைவிடக் கோபம்.

அடுத்த நாள் நகுலன் சேகரிடம் போய், கழிவறை கழுவுகிறேன், கோப்பை கழுவுகிறேன், அந்தச் சட்டை மட்டும் வேண்டாம் என்றார். படத்தைச் சேகர் இணையத்திலிருந்து உடனே எடுத்துவிட்டார். ஆனால் சட்டையை விட முடியாது என்றார்.

"நடிப்புதானுங்களே நகுலன். வில்லனா நடிக்கறவன் எல்லாம் வில்லனுங்களா? ஹெலனுக்கு நீங்கதான் வேணும். அந்தம்மா இல்லைன்னா கடை இல்லை. கடை இல்லைன்னா உங்க பேப்பரும் இல்லை. நான் உங்களுக்காகவும்தான் சொல்றேன்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மனைவியைக் கூப்பிட வேண்டுமென்றால், மனைவி பார்க்க விரும்பாத ஆளாக அவர் நிற்க வேண்டும். நகுலன் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

7. நிற்கச் சொன்னார்

மூன்றாவது விருந்துக்கு முன் ஹெலன் ஒரு சின்ன வீடியோ கேட்டிருந்தா. விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று சேகர் போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து, தானே விருந்தாளியாக நடிக்க வந்தார். நல்ல கோட் போட்டு, கையில் ஒரு பையோடு.

"ஸ்டார்ட் பண்ணுங்க நகுலன். வழக்கம்போல."

நகுலன் பையை வாங்கி மேசையில் வைத்தார். திறக்கவில்லை. போனைக் கேட்டார், ஸ்டாண்டில் இருந்ததைச் சேகரே எடுத்துக் கொடுத்தார். நகுலன் அதை அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டார். மணல் மூட்டைப் பக்கம் கை காட்டினார்.

"அங்க நில்லுங்கோ."

சேகர் போய் நின்றார். நகுலன் உள்ளே வந்து, சமையலறையில் ஒரு கோப்பையில் சோறு போட்டு, உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

நான் கண்ணாடிக் கதவுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சேகர் சிரித்த முகத்தோடு நின்றார். பிறகு கையைக் கட்டினார், அவிழ்த்தார். கதவைப் பார்த்தார், கடிகாரம் இல்லாத மணிக்கட்டைத் தடவினார். தூறல் விழுந்தது. நகரவில்லை. மினிபஸ் வந்தது. இறங்கியவர்கள் அவரைக் கண்டு, இதுதான் வரிசை என்று நினைத்து, அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். தூறல் மழையானது. யாரும் நகரவில்லை. ஒரு கடை முதலாளியும் ஒரு பஸ் நிறைய மனிதர்களும், ஒருவரும் மறிக்காத ஒரு வாசலுக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றார்கள்.

பாவமாகப் போய்விட்டது. குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏன் சேர் நனையிறியள்?"

"அவர் நிக்கச் சொன்னாருங்க."

"உங்கட கடைதானே. உள்ள வாங்கோவன்."

சேகர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போலாமுங்களா?" என்று கேட்டார்.

நகுலன் வெளியே வந்தார். தொப்பி கையில் இருந்தது. "ஓம் சேர், போகலாம். இவ்வளவுதான் செக்பொயின்ற். பையைத் திறக்கிறது, கேள்வி கேக்கிறது எல்லாம் சும்மா. நில் எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவான். ஏன் எண்டு கேக்க ஏலாது. என்ர மச்சானையும் இப்பிடித்தான் நிக்கச் சொன்னவங்கள்."

போனை எடுத்துக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் சேகருக்கு இல்லை. விருந்தாளிகளைத் தானே கூப்பிட்டு உள்ளே விட்டார், ஒருவரின் பையையும் தொடாமல். கோட்டைப் பிழிந்து காயப் போட்டார். ஹெலனிடம் போய், இனிமேல் பார்டர் இல்லை, வேண்டுமானால் கல்யாண ஊர்வலம் வைக்கலாம் என்றார். கல்யாணம் எல்லா இந்தியக் கடையிலும் இருக்கிறது, எல்லைதான் உங்களுடைய தனித்துவம் என்று ஹெலன் மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு, சாப்பாட்டை முடிக்காமல் போனா. திரும்ப வரவில்லை.

நகுலன் தடுப்புக் கட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டு, அதைப் படமெடுத்துத் தர்சினிக்கு அனுப்பினார். கன நேரத்துக்குப் பிறகு பதில் வந்தது. "சாப்பிட்டீங்களோ?"

8. குளிர்காலம்

கடை அந்த மாதமே மூடும் என்று நாங்கள் எல்லாரும் எதிர்பார்த்தோம். மாஸ்டர் மனுகாவில் வேறொரு கடையில் வேலை தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சேகரே அடுப்பில் நின்றார். கறிவேப்பிலை இல்லாத பருப்பைப் பன்வர் அப்போதுதான் முதன்முதலாகச் சாப்பிட்டார், முன்பிருந்ததே பரவாயில்லை என்றார். சில மதியங்களில் அவர் ஒருவர்தான் வாடிக்கையாளர். குளிருக்கு ஹீட்டர் போட்டால் சேகர் வந்து அணைப்பார்.

ஏன் மூடவில்லை என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வார். லீஸ் முடியவில்லை என்பார். வசந்தத்தில் வியாபாரம் வரும் என்பார். பெரிய கல்யாண ஆர்டர் ஒன்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்பார். அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளையையோ பெண்ணையோ நாங்கள் கண்டதேயில்லை. பம்பு விற்கப் போன ஊரைப் பார்த்துச் சாப்பாட்டுக் கடை போட்ட மனுசன், மூடவும் தெரியாமல் அலைகிறார் என்று நான் வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. உங்களுக்கு யாருடையதோ உடுப்பைப் போட்டுவிடுவார்கள். போடுங்கள். தெரியாத வணக்கத்தைச் சொல்லச் சொல்வார்கள். சொல்லுங்கள். அந்த ஊர்க்காரரே அங்கே வேஷம் போட்டுத்தான் பிழைக்கிறார். ஆனால் யாராவது ஒருவருடைய பயத்தை மெனுவில் போட்டால், அது நன்றாக விற்கும், மற்ற எல்லாவற்றையும் விட நன்றாக விற்கும். அந்தத் தட்டை நீங்கள் தூக்க வேண்டாம். இன்னொன்றும் படித்தேன். முதலாளியைப் பற்றி முடிவு சொல்லக் கடை மூடும் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும்.

குளிர்காலத்தின் கடைசியில் ஒரு மதியம், பன்வர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நகுலனின் போனில் மின்னஞ்சல் வந்தது. அவர் வாசித்தார், பிறகு என்னிடம் தந்தார். வதிவிட உரிமை கிடைத்திருந்தது. நான் மாதாவே என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். சேகர் கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, மெதுவாக வாசித்தார். கீழே தள்ளி மறுபடியும் வாசித்தார்.

"வீட்டுக்காரம்மா பேரும் இதுல இருக்குதுங்களா?"

"ஓம் சேர், இருக்கு," என்றார் நகுலன்.

சேகர் அடுப்பை அணைத்தார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பாடா," என்றார். "அப்ப நாளைக்குக் கடைய மூடிரலாமுங்க."